ஐஸ் மெஷின்ல உப்பு படியாம, துரு பிடிக்காம வெச்சுக்குறது எப்படி: உப்புக்காத்து ஊர்ல கூல் பார் நடத்துறவன் சொல்றேன்

ஒரு நாள் சாயங்காலம் கடையில நல்ல கூட்டம், ஒருத்தர் ரோஸ்மில்க் கிளாஸோட கவுண்டருக்கு வந்து "அண்ணாச்சி, இதுல என்னமோ மினுமினுன்னு கெடக்கே"ன்னு காட்டினாரு. வாங்கிப் பாத்தா நகக்கண் அளவுக்கு வெள்ளி மாதிரி ஒரு சின்னத் தகடு, மீன் செதில் மாதிரி. முதல்ல பால் கவர்லருந்து வந்துச்சோன்னு நெனச்சேன். அடுத்த தட்டு ஐஸ் அள்ளும்போது ரெண்டு கட்டிக்குள்ளயே அதே தகடு உறைஞ்சு நிக்குது. அப்பவே மெஷினை ஆஃப் பண்ணிட்டு, பின்ல, அதான் ஐஸ் விழுந்து சேர்ற பெட்டியில, இருந்த ஐஸ் மொத்தத்தையும் கொட்டிட்டேன். மறுநாள் மெக்கானிக் வந்து முன் பிளேட்டைக் கழட்டிக் காட்டினப்ப, கட்டி உறையுற அந்தக் கட்டம் போட்ட பிளேட்ல அங்கங்க தோல் உரிஞ்சு உள்ள செம்பு தெரியுது, ஓரத்துல பச்சையா களிம்பு ஏறியிருக்கு. மெஷின் வாங்கி ரெண்டு வருஷம்தான் ஆகுது.

காரணம் என்னன்னா, கடைத் தம்பி ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வெள்ளையா படிஞ்சத எடுக்கணும்னு பாத்ரூம் கழுவுற ஆசிட்ட தண்ணியில கலந்து ஊத்தி, பாத்திரம் தேய்க்குற கம்பி நாரை வெச்சு பளபளன்னு தேய்ச்சிருக்கான். அவன் மேல தப்பே இல்ல, சுத்தமா வெச்சுக்கணும்னுதான் செஞ்சான், எப்படி செய்யணும்னு நான்தான் சொல்லிக் கொடுக்கல. புது பிளேட் மாத்த கேட்ட விலை மெஷின் விலையில கிட்டத்தட்ட பாதி. அதுக்கப்புறம் மேனுவலை ஒரு வரி விடாம படிச்சு, வர்ற மெக்கானிக் ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டுக் கேட்டு கத்துக்கிட்டதுதான் இது. எங்க ஊர் தூத்துக்குடி, ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம், காத்துலயே உப்பு இருக்கும். இங்க ஒரு மெஷின் தாக்குப்பிடிச்சா வேற எந்த ஊர்லயும் தாக்குப்பிடிக்கும். நான் சொல்றது ஜூஸ் கடை, ஓட்டல், பேக்கரில இருக்குமே அந்த கியூப் ஐஸ் மெஷின் பத்தி, பாளம் பாளமா போடுற ஐஸ் ஃபேக்டரி வேற கதை.

முதல்ல அந்த பிளேட் என்னன்னு புரிஞ்சுக்கோங்க, மெஷினோட உயிரே அதுதான். எவாப்பரேட்டர்னு சொல்வாங்க. பெரும்பாலான மெஷின்ல அது செம்புல செஞ்சு மேல நிக்கல் பூசினது. நம்ம வீட்டுல பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவாங்கல்ல, ஈயம் போயிடுச்சுன்னா அதுல புளிக்குழம்பு வெச்சா களிம்பேறி கசந்துடும்ல, அதே கணக்குதான். ஒரே வித்தியாசம், பாத்திரத்துக்கு ஈயம் பூசுறவரு தெருவுல வந்தா திரும்பப் பூசிக்கலாம், இதுக்குக் கடையில வெச்சு திரும்பப் பூச முடியாது, பிளேட்டையே மாத்தணும். அந்தப் பூச்சு ரொம்ப ரொம்ப மெல்லிசு, கம்பி நார் அதைக் கீறிடும், பாத்ரூம் ஆசிட்ல இருக்குற ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கீறலுக்குள்ள போய் செம்புக்கும் நிக்கலுக்கும் நடுவுல அரிச்சு தோலைத் தூக்கிடும். கத்தி, ஸ்க்ரூ டிரைவர் வெச்சு ஒட்டிக்கிட்ட ஐஸைக் குத்தி எடுக்குறதும் இதே கேடுதான். ஐஸ் ஒட்டிக்கிச்சுன்னா ஆஃப் பண்ணிட்டு சாதாரணத் தண்ணிய ஊத்துங்க, தானா விழும்.

அடுத்தது, இவ்ளோ உப்பு எங்கருந்து படியுதுன்னு கேப்பீங்க. மெஷின்ல தண்ணி பிளேட் மேல ஓடிக்கிட்டே இருக்கும், கீழ தொட்டியில விழும், பம்ப் திரும்ப மேல ஏத்தும். தண்ணி உறையும்போது சுத்தமான தண்ணிதான் முதல்ல ஐஸா மாறும், அதுல கரைஞ்சிருக்குற உப்பும் காத்தும் ஐஸுக்குள்ள சேராம மிச்சத் தண்ணியிலேயே நின்னுடும். அதனாலதான் மெஷின் ஐஸ் கண்ணாடி மாதிரி இருக்கு, வீட்டு ஃப்ரிட்ஜ் ஐஸ் நடுவுல வெள்ளையா இருக்கு. ஆனா தொட்டியில மிஞ்சுற தண்ணி போகப் போக உப்பு ஏறிக்கிட்டே போகும், உப்பளத்துல பாத்தியில தண்ணி சுண்டச் சுண்ட உப்பு பூக்குற மாதிரி. மெஷின் ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் பழைய தண்ணிய வெளிய தள்ளும், அந்த வால்வு அடைச்சுக்கிச்சுன்னா அவ்ளோதான், ஒரு மாசத்துல பிளேட், பைப், ஃப்ளோட் எல்லாம் வெள்ளை வெள்ளையா கட்டிப் போயிடும். அதனால அந்த வடிகால் ட்யூப்ல தண்ணி ஒழுங்கா வருதான்னு வாரம் ஒரு தடவை எட்டிப் பாருங்க.

இப்ப உங்க மெஷினைத் திறந்து பாத்தா மூணு விதமான அழுக்கு இருக்கும், மூணுக்கும் மருந்து வேற வேற, இதைக் குழப்பிக்கிறதுலதான் பாதி மெஷின் போகுது. வெள்ளையா, சாம்பல் கலர்ல, நகத்தால சுரண்டினா மாவு மாதிரி வர்றது உப்புப் படிவு, பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து. அதுல ஒரு சொட்டு வினிகர் விட்டா சின்னச் சின்னதா நுரைக்கும். தொட்டா வழுவழுன்னு, கொழகொழன்னு, ரோஸ் கலர்லயோ கருப்பாவோ இருக்குறது கிருமியும் பூஞ்சையும், அது வினிகருக்கு நுரைக்காது, அதுக்குக் கிருமிநாசினிதான் வேணும். பக்கத்துல பேக்கரி, மாவு புளிக்க வைக்குற இடம் இருந்தா இது சீக்கிரம் வரும், ஈஸ்ட் காத்துலயே வந்து உக்காரும். மூணாவது பிரவுன் கலர்ல புள்ளி புள்ளியாவோ வடிஞ்ச கோடாவோ இருக்குறது துரு. பச்சை கலர் கண்ணுல பட்டா அது செம்புக் களிம்பு, பிளேட்ல அது இருந்தா மேல படிக்க வேண்டாம், மெக்கானிக்கைக் கூப்பிடுங்க, அந்த ஐஸைக் குடிக்கக் கொடுக்காதீங்க.

உப்புப் படிவுக்கு மருந்து வாங்குறப்ப ஐஸ் மெஷின் டீஸ்கேலர்னு கேளுங்க, டப்பா மேல நிக்கலுக்குப் பாதுகாப்பானதுன்னு எழுதியிருக்கணும். இது சிட்ரிக் ஆசிட் இல்லன்னா பாஸ்பாரிக் ஆசிட் வெச்சு செஞ்சிருப்பாங்க. எழுதியிருக்குற அளவுக்கு மேல ஒரு மூடி கூட ஊத்தக்கூடாது. எவ்ளோ கூட ஊத்துறோமோ அவ்ளோ நல்லா போகும்னு நெனக்கிறது பெரிய தப்பு, படிவு கூடுதலா இருந்தா அதே அளவுல ரெண்டு தடவை ஓட விடுங்க. எலுமிச்சை மூடியில உப்பு தொட்டு தேய்க்குறது, புளி போட்டு தேய்க்குறது எல்லாம் குத்துவிளக்குக்கு சரி, இதுக்கு வேண்டாம், உப்பு ஒரு பக்கம் கீறும் இன்னொரு பக்கம் துருவுக்கு வழி வெச்சுடும்.

சரி, கழுவுற வேலைக்கு வருவோம். வியாபாரம் இல்லாத நேரம் பாத்து ரெண்டு மூணு மணி நேரம் ஒதுக்கிக்கோங்க, அவசரத்துல செஞ்சா அலசுறதைத்தான் குறைச்சிடுவீங்க. நான் திங்கக்கிழமை காலையில செய்வேன். மொதல்ல பிளேட்ல ஐஸ் எல்லாம் விழுந்து முடிஞ்சதும் மெஷினை ஆஃப் பண்ணிட்டு பின்ல இருக்குற ஐஸ் முழுசையும் கொட்டிடுங்க. மனசு கேக்காது, வாளி வாளியா இருக்கும், ஆனா டீஸ்கேலர் ஒரு சொட்டு தெறிச்சாலும் அது குடிக்கிற ஐஸ். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் கிளவுஸ் கட்டாயம் போடுங்க.

மெஷின்ல கிளீன்னு ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதை அமுக்கினா கம்ப்ரசர் ஓடாம பம்ப் மட்டும் ஓடும். தொட்டி நிரம்பினதும் அளவு மருந்தை ஊத்துங்க, இருபது முப்பது நிமிஷம் சுத்தட்டும், மேனுவல்ல எவ்ளோ போட்டிருக்கோ அவ்ளோ. காதை வெச்சு கேட்டீங்கன்னா லேசா சீறுற சத்தம் வரும், சுண்ணாம்பு கரையுது. நல்லா படிஞ்ச மெஷின்னா தண்ணி கலங்கி அரிசி கழுவின தண்ணி மாதிரி ஆயிடும். முடிஞ்சதும் வடிச்சுட்டு, நல்ல தண்ணி விட்டு ஓட்டி வடிக்கணும், குறைஞ்சது மூணு தடவை. நான் ஒரு காரியம் செய்வேன், ஸ்கூல் லேப்ல யூஸ் பண்ற லிட்மஸ் பேப்பர் புக் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன், கடைசி அலசல் தண்ணியில நீல பேப்பரை நனைச்சுப் பாத்து சிவப்பா மாறினா இன்னொரு தடவை அலசுவேன். ஆசிட் கொஞ்சம் தங்கிட்டா ஐஸ் புளிக்கும், அதோட அது ராப்பகலா பூச்சை அரிச்சுக்கிட்டே இருக்கும்.

அடுத்து மெயின் ஸ்விட்ச், எம்.சி.பி ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டுத்தான் பாகம் கழட்டணும். கழட்டுறதுக்கு முன்னாடி ஃபோன்ல ரெண்டு மூணு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, எந்தப் பக்கம் மேல, எது கீழன்னு திரும்ப மாட்டும்போது சந்தேகம் வரும். தண்ணி தெறிக்காம முன்னால தொங்குற பிளாஸ்டிக் திரை, மேல தண்ணி பிரிச்சு விடுற பைப், தொட்டி, ஃப்ளோட் எல்லாம் கையாலயே கழட்டுற மாதிரிதான் இருக்கும். ஒரு டப்புல வெதுவெதுப்பான தண்ணி எடுத்து அதே டீஸ்கேலரை அளவா கலந்து பதினஞ்சு இருபது நிமிஷம் ஊற விடுங்க, கொதிக்கிற தண்ணி வேண்டாம், பிளாஸ்டிக் கோணிடும். நைலான் பிரஷ், பழைய டூத் பிரஷ் போதும்.

மேல இருக்குற அந்தப் பைப்பைக் கொஞ்சம் நிதானமா பாருங்க. அதுல வரிசையா ஓட்டை இருக்கும், குண்டூசித் தலை அளவு, ஒவ்வொரு ஓட்டையில இருந்தும் ஒரு வரிசைக் கட்டத்துக்குத் தண்ணி இறங்கும். ஒண்ணு அடைச்சாலும் அந்த வரிசைல மட்டும் கட்டி பாதியா, பள்ளமா உறையும். எந்தப் பக்கம் கட்டி சொத்தையா வருதோ அந்த ஓட்டைதான்னு நேரா போய் பிடிச்சிடலாம். ஊசி, கம்பி விட்டுக் குத்துனா ஓட்டை பெருசாகி தண்ணி ஒரு பக்கமா கொட்டும். நான் விளக்கமாத்துல இருந்து எடுக்காம, புதுத் தென்னை ஓலையில கிழிச்ச பச்சை ஈர்க்குதான் வெச்சிருக்கேன், வளையும், கீறாது, உள்ள இருக்குற உப்பைத் தள்ளிக்கிட்டு மறுபக்கம் வெளிய வரும். அப்புறம் பைப்பை வெளிச்சத்துக்கு நேரா புடிச்சுப் பாத்தா எல்லா ஓட்டையிலும் வெளிச்சம் சமமா தெரியணும்.

ஐஸ் தடிமன் பாக்குற ப்ரோப்னு ரெண்டு சின்னக் கம்பி பிளேட் முன்னால நீட்டிக்கிட்டு இருக்கும் சில மெஷின்ல. அதுல உப்பு படிஞ்சா ஐஸ் உறைஞ்சதும் உறையாததும் தெரியாம மெஷின் ஐஸை நேரத்துக்கு முன்னயோ பின்னயோ தள்ளிவிடும். ஆளுங்க கேஸ் போச்சுன்னு மெக்கானிக்குக்குக் காசு கொடுப்பாங்க, மருந்துல நனைச்ச துணியால துடைச்சிருந்தா முடிஞ்சிருக்கும். பிளேட்டைத் துணியாலதான் துடைக்கணும், பிரஷ் போட்டாலும் மெதுவா. துடைச்சு முடிச்சு டார்ச் அடிச்சு ஒவ்வொரு கட்டமா பாருங்க, நிக்கல் லேசா மஞ்சள் கலந்த வெள்ளி நிறம், அது நடுவுல சிவப்பா ஒரு புள்ளி தெரிஞ்சா செம்பு எட்டிப் பாக்குதுன்னு அர்த்தம். போட்டோ எடுத்து வெச்சு அடுத்த தடவை அதே இடத்தை ஒப்பிடுங்க, பெருசாகுதான்னு தெரிஞ்சிடும்.

உப்பு எடுத்தாச்சு, இனி கிருமி. உப்பு எடுக்காம கிருமிநாசினி போட்டா பிரயோஜனம் இல்ல, படிவுக்கு அடியில கிருமி ஒளிஞ்சிக்கும், அதனால இந்த வரிசை மாறக்கூடாது. பிளேட்டுக்கும் உள்பாகத்துக்கும் மெஷின் கம்பெனி சொல்ற சானிடைசர்தான் போடணும். பிளாஸ்டிக் பின், கதவு, கரண்டிக்கு மட்டும் நான் சாதா ஹைப்போ, அதான் சோடியம் ஹைப்போகுளோரைட் போடுறேன். கணக்கு ஈஸி, டப்பால 5 சதவீதம்னு இருந்தா 1 லிட்டர் தண்ணிக்கு 4 மில்லி, அது 200 பி.பி.எம் வரும், அதுக்கு மேல வேண்டாம். 10 சதவீதம்னா 2 மில்லி. அடைக்கு மாவு ஊத்துற மாதிரி குத்துமதிப்பா ஊத்தாதீங்க, இருமல் மருந்து மூடியில அளவு கோடு இருக்கும், அதை வெச்சு அளங்க. டப்பா பழசானா வீரியம் குறையும், அதனால சின்ன டப்பாவா வாங்குங்க. தடவி ரெண்டு நிமிஷம் விட்டு, நல்ல தண்ணியில அலசி, காய விடுங்க. இரும்பு, ஸ்டீல் பாகத்துல இது நின்னுடக்கூடாது, அந்த குளோரின்தான் ஸ்டீலுக்கு எமன்.

இதை மட்டும் பெருசா எழுதி சுவத்துல ஒட்டுங்க: டீஸ்கேலரும் ஹைப்போவும் ஒண்ணோட ஒண்ணு சேரவே கூடாது. ஆசிட்டோட ஹைப்போ சேர்ந்தா குளோரின் வாயு கிளம்பும், மூடின ரூம்ல மூச்சுத் திணறி ஆள் விழுந்துடுவாங்க. ஒரே வாளி, ஒரே துணி, ஒரே பிரஷ் ரெண்டுக்கும் வேண்டாம். நாங்க டீஸ்கேலருக்கு நீல வாளி, ஹைப்போவுக்கு வெள்ளை வாளின்னு வெச்சிருக்கோம், புதுசா வேலைக்கு வர்ற பையனுக்கு முதல் நாளே காட்டிடுவேன்.

எல்லாம் மாட்டிட்டு ஓட விட்டா முதல் ரெண்டு தட்டு ஐஸைக் கொட்டிடுங்க, மூணாவதுல ஒரு கட்டிய வாயில போட்டுப் பாருங்க, புளிப்பு, குளோரின் வாடை எதுவும் இருக்கக்கூடாது.

இது வந்ததுக்கு அப்புறம் பண்ற வேலை, வராம இருக்க தண்ணியத்தான் புடிக்கணும். எங்க ஊர்ல வல்லநாட்டுலருந்து வர்ற தாமிரபரணித் தண்ணி வந்தா கவலை இல்ல, போர் தண்ணி சேர்ந்துச்சுன்னாதான் ஆட்டமே. டி.டி.எஸ், அதான் தண்ணியில கரைஞ்சிருக்குற உப்போட அளவு, அதைப் பாக்குற மீட்டர் ஒண்ணு பேனா மாதிரி வரும், வாங்கி வெச்சுக்கோங்க. குடிதண்ணிக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ் 10500 இருக்குல்ல, அதுல டி.டி.எஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் நல்லது, வேற தண்ணியே இல்லன்னா 2000 வரைக்கும் விடலாம்னு இருக்கு. மனுஷன் குடிக்க 2000 பரவால்லன்னாலும் மெஷின் குடிச்சா ஒரே மாசத்துல படுத்துடும், தொட்டியில அது இன்னும் சுண்டும்னு முன்னாடியே சொன்னேன். அதுலயும் குளோரைடு 250 தான் நல்ல அளவுன்னு அதே விதியில இருக்கு, நம்ம கடலோர போர்ல அது தாண்டுறது சகஜம், ஸ்டீல்ல குழி விழுறதுக்கு அதுதான் காரணம். அதனால கடலோர ஊர்ல போர் தண்ணிய நேரா மெஷினுக்குக் கொடுக்காதீங்க, எவ்ளோ கழுவினாலும் ஈடு கட்ட முடியாது.

அப்ப ஆர்.ஓ போட்டுட்டா முடிஞ்சுதான்னா அதுலயும் ஒரு விஷயம் இருக்கு. பத்து, இருபது டி.டி.எஸ்க்கு இறக்கின தண்ணிக்கு உலோகத்தை அரிக்குற குணம் வந்துடும், அதோட அந்த ப்ரோப் கம்பி தண்ணி வழியா கரண்ட் பாயுறத வெச்சுத்தான் ஐஸ் தடிமன் பாக்கும், உப்பே இல்லாத தண்ணியில அதுக்குத் தெரியாமப் போய் ஐஸ் கல்லு மாதிரி தடிச்சுப் போயிடும். நான் ஆர்.ஓ தண்ணியோட வடிகட்டின கார்ப்பரேஷன் தண்ணிய கொஞ்சம் கலந்து 80, 100க்கு வர்ற மாதிரி வால்வு வெச்சிருக்கேன், ஆர்.ஓ போடுற பையன்கிட்ட சொன்னா செஞ்சு கொடுப்பான். அந்தக் கலக்குற லைன்ல 5 மைக்ரான் ஃபில்டரும் கார்பன் ஃபில்டரும் இருக்கணும், கார்பன்தான் குளோரினைப் புடிக்கும். ஆனா குளோரின் போன தண்ணி ட்யூப்ல தேங்கினா கொழகொழப்பு சீக்கிரம் வரும், அதனால ஃபில்டரை நாள் தவறாம மாத்துங்க, மாத்தின தேதிய மார்க்கர்ல அது மேலேயே எழுதிடுங்க. சாஃப்ட்னர் வெச்சா போதும்னு சொல்வாங்க, அது சுண்ணாம்பை எடுத்துட்டு சோடியத்தை விடும், படிவு குறையும், டி.டி.எஸ் குறையாது, குளோரைடு அப்படியே இருக்கும், துருவுக்கு அது மருந்து இல்ல.

இப்ப வெளிப்பக்கம். ஸ்டீல்னா துரு பிடிக்காதுன்னு நெனச்சு வாங்குறோம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல குரோமியம் இருக்கு, அது காத்து பட்டு மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் போட்டுக்கும், கீறல் விழுந்தாலும் காத்து பட்டா தானா ஆறிக்கும். உப்பு அப்பிக்கிட்டு ஈரத்தோட நின்னா அந்த இடத்துல தோல் ஆற முடியாம குழி விழுந்து துரு கிளம்பும். 304ங்குற ஸ்டீல்ல 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல், 316ல இதுங்களோட 2, 3 சதவீதம் மாலிப்டினமும் சேர்ந்திருக்கும், உப்புக்கு அதுதான் தாங்கும். வெலை கம்மியான மெஷின் பாடி நிறைய, உப்புக்கு அவ்ளோவா தாங்காத 430ல வரும், காந்தம் வெச்சுப் பாருங்க, 430ல பச்சுன்னு ஒட்டும், 304ல ஒட்டாது, மடிச்ச ஓரத்துல மட்டும் லேசா இழுக்கும். வாங்கப் போறப்ப பாக்கெட்ல ஒரு காந்தம் வெச்சுக்கோங்க, கடலோரத்துல கடை வெச்சிருக்கவங்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

வாங்கினது எதுவா இருந்தாலும் வாரம் ரெண்டு தடவை நல்ல தண்ணியில நனைச்ச துணியால துடைச்சு, உடனே காஞ்ச துணியால துடைச்சிடுங்க. ஸ்டீல்ல மெல்லிசா கோடு ஓடும், அந்தக் கோடு போற திசையிலதான் துடைக்கணும். கம்பி நார் பட்டா அதுலருந்து இரும்புத் துகள் உக்காந்து அதுவே துருப் பிடிச்சு, ஸ்டீலே துருப் பிடிச்ச மாதிரி தெரியும், அப்புறம் நிஜமாவே ஸ்டீலும் பிடிச்சிடும்.

நிறைய பேர் கவனிக்காத ஒண்ணு, ஆசிட் டப்பா, ஹைப்போ, பிளீச்சிங் பவுடர் மூட்டை எல்லாத்தையும் மெஷினுக்குப் பின்னாடி இடுக்குல சொருகி வெச்சிருப்பாங்க, இடம் மிச்சம்னு. மூடி இறுக்கமா இருந்தாலும் அதுலருந்து ஆவி வந்துக்கிட்டேதான் இருக்கும், மெஷின் ஃபேன் அதை உள்ள இழுக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒரு ஓட்டல்ல கடலுக்கு ரொம்ப தூரத்துல இருந்தும் மெஷின் பின்பக்கம் பூரா பொரிஞ்சு போயிருந்துச்சு, பின்னாடி எட்டிப் பாத்தா பிளீச்சிங் பவுடர் வாளி. தள்ளி வெச்சதுக்கு அப்புறம் புதுசா வரவே இல்ல. ஊறுகாய், வினிகர் பீப்பாயையும் தூர வைங்க, அந்தப் புளிப்பு ஆவியும் செம்புக் குழாய்க்கு ஆகாது.

கண்டென்சர், அதான் ஃபேன் முன்னால இருக்குற அலுமினிய வலை. எங்க ஊர்ல ஆனி ஆடியில கச்சான் காத்து மேற்குலருந்து புழுதிய அள்ளிக்கிட்டு வரும், கொண்டல் அடிக்கிறப்ப கடல்லருந்து உப்பு வரும். புழுதி உக்காந்து, அது மேல உப்பு ஈரம் சேர்ந்தா பச்சைக் களிமண் மாதிரி அப்பிக்கும், செம்புக் குழாயும் அலுமினியமும் தொடுற இடத்துல அந்த ஈரம் நின்னா அலுமினியம் வெள்ளை மாவா உதிர ஆரம்பிச்சிடும். மாசம் ஒரு தடவை, கச்சான் சீசன்ல பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவை, கரண்டை ஆஃப் பண்ணிட்டு மென்மையான பிரஷால மேலிருந்து கீழ, தகடு போற வாட்டத்துல தள்ளுங்க, குறுக்க தேய்ச்சா தகடு மடங்கிடும். அப்புறம் மோட்டார், வயர் இருக்குற பக்கத்தை பாலிதீன் கவர் போட்டு மூடிட்டு, பூவாளில ஊத்துற மாதிரி மெதுவா நல்ல தண்ணி விட்டு அலசி, முழுசா காஞ்சப்புறம்தான் ஆன் பண்ணணும். ஏ.சி சர்வீஸ்காரங்க ஆசிட் அடிச்சா பளிச்சுன்னு ஆயிடும்பாங்க, அது அலுமினியத்தையே கரைச்சு எடுக்குற பளிச்சு, ஒத்துக்காதீங்க. வீட்டுக்கு அடிக்கிற ஸ்ப்ரே பெயின்ட்டையும் அடிக்காதீங்க, சூடு வெளிய போகாம கம்ப்ரசர் போயிடும். வாங்கும்போதே கோட்டிங் போட்ட கண்டென்சர் இருக்கான்னு கேட்டு வாங்குறதுதான் வழி. சுத்தி அரை அடி இடம் விட்டு வைங்க.

கீழ தண்ணி நிக்கக்கூடாது. நம்ம கடையில தரை கழுவுற தண்ணி மெஷின் அடியில போய் தேங்கும், கால், அடித் தகடுலதான் துரு முதல்ல ஆரம்பிக்கும். ஆறு இன்ச் கால் வெச்சு தூக்கி நிறுத்துங்க, வடிகால் பைப் நல்ல சரிவா போகணும், அதோட முனை சாக்கடைத் தண்ணிக்குள்ள முங்காம கொஞ்சம் உயரத்துலயே நிக்கணும், இல்லன்னா சாக்கடை பின்னாடி ஏறி ஐஸ் பெட்டிக்குள்ளயே வந்துடும்.

துரு ஏற்கனவே வந்துடுச்சுன்னா எங்க வந்திருக்குன்னு பாருங்க. வெளி ஸ்டீல்ல சின்னப் புள்ளின்னா சமையல் சோடாவைத் தண்ணி விட்டு குழைச்சு மெத்துன்னு துணியால கோட்டு வாட்டத்துல தேய்ச்சா போயிடும், போகலன்னா ஆக்ஸாலிக் ஆசிட் இருக்குற ஸ்டீல் கிளீனர் வெளிப்பக்கத்துக்கு மட்டும் போட்டு நல்லா அலசிடுங்க. அடி ஃபிரேம், கால் மாதிரி இரும்பு பாகம்னா உப்புத்தாள் போட்டு வெறும் இரும்பு தெரியுற வரைக்கும் தேய்ச்சு, துடைச்சு, ஜிங்க் பிரைமர் ஒரு கோட்டு, எபாக்ஸி பெயின்ட் ரெண்டு கோட்டு, மெஷினை ஆஃப் பண்ணி ஐஸைக் காலி பண்ணிட்டு செய்யணும், வாடை முழுசா போற வரைக்கும் ஓட்டக்கூடாது. துரு மேலேயே பெயின்ட் அடிச்சா உள்ளுக்குள்ள அது பாட்டுக்குத் தின்னுக்கிட்டே இருக்கும். ஐஸ் படுற உள்பக்கத்துல பெயின்ட் வேலையே வேண்டாம். அங்க துருப் பிடிச்ச ஸ்க்ரூன்னா 316 ஸ்டீல் ஸ்க்ரூ மாத்துங்க, பிளேட்டுக்கு மேல இருக்குற தகடு துருப் பிடிச்சு உதிருதுன்னா அதையே மாத்துங்க, தேய்ச்சு சமாளிக்கப் பாக்காதீங்க, உதிர்றது நேரா ஐஸ்லதான் விழும்.

எத்தனை நாளுக்கு ஒருக்கன்னு கேட்டா, ஐஸ் அள்ளுற கரண்டியை தினமும் கழுவி வெளிய தொங்க விடணும், ஐஸுக்குள்ள பொதைச்சு வைக்கக்கூடாது, பிடிச்ச கை அழுக்கு ஐஸுக்கு வந்துடும். ஐஸ் சேர்ற பெட்டியை மாசம் ஒரு தடவை கழுவணும். டீஸ்கேல் ஆறு மாசத்துக்கு ஒரு தடவையாவதுன்னு கம்பெனிங்க சொல்வாங்க, எங்க தண்ணிக்கு நான் மூணு மாசம். உங்க கணக்கை மெஷினே சொல்லும். ஒரு தட்டு உறைஞ்சு விழ எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு கழுவின அன்னிக்கு நோட்டுல எழுதி வைங்க, ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவை திரும்பப் பாருங்க, நேரம் இழுக்க ஆரம்பிச்சா, கட்டி ஒட்டிக்கிட்டு விழ மாட்டேங்குதுன்னா, வெள்ளையா கலங்கி வருதுன்னா நாள் பாக்காம கழுவுங்க. கரண்டு பில்லும் லேசா ஏறியிருக்கும்.

பனிமய மாதா கோயில் கொடியேத்தம் ஜூலை 26, ஆகஸ்ட் 5 வரைக்கும் எங்க தெருவுல ராத்திரி பன்னெண்டு மணிக்கும் ஐஸ் கேப்பாங்க, கச்சான் புழுதியும் அப்பதான் உச்சம். அதனால ஜூலை 15 வாக்குல ஒரு முழு கழுவல், திருவிழா முடிஞ்ச மறு வாரம் இன்னொண்ணு. உங்க ஊர்ல எந்த சீசன்னு பாத்து அதுக்கு முன்னாடி வெச்சுக்கோங்க. கடையை ஒரு வாரம் பூட்டிட்டு எங்கயாவது போறதுன்னா தண்ணி வால்வை மூடி, தொட்டி, பின் ரெண்டையும் வடிச்சு, துடைச்சு, மெயினை ஆஃப் பண்ணிட்டு, ஐஸ் பெட்டிக் கதவுல ஒரு மரக்கட்டைய வெச்சு ரெண்டு விரல் இடைவெளி விட்டுட்டுப் போங்க, உள்ள ஈரம் காஞ்சு கிடக்கணும்.